கையெழுத்துக்கு முன்னால் இருந்த கைகள்

காட்டுக்காக ஆள் திரட்டுவதைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மலையையும் ஆற்றையும் காப்பது அரசின் வேலை. அதற்கு வனத்துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள். தெருமுனையில் துண்டறிக்கை கொடுப்பதாலும் கல்லூரி வாசலில் கையெழுத்து வாங்குவதாலும் ஒரு மரம்கூடப் பிழைக்காது. விவரம் தெரிந்தவர்கள் என்று மதிக்கப்படுபவர்களே இப்படிப் பேசுகிறார்கள். கேரளத்தின் சைலண்ட் வேலியை எடுத்துச் சொன்னால் அதற்கும் பதில் கைவசம் இருக்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கை மக்களா காப்பாற்றினார்கள், இந்திரா காந்தி அல்லவா காப்பாற்றினார்? பிரதமர் ஒருவர் மனம் வைத்தார், அங்கே வரவிருந்த அணைத் திட்டம் நின்றது, அவ்வளவுதான் என்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே இந்தக் கதை வரலாறு என்ற தகுதியைப் பெற்றுவிட்டது. நடந்தவற்றை ஆண்டு வாரியாக எடுத்துப் பார்த்தால் இது நிற்காது. சைலண்ட் வேலி விஷயத்தில் அரசு, திட்டக் குழு, சட்டமன்றம், நீதிமன்றம் ஆகிய நான்கும் அணைக்கு வழிவிட்டிருந்தன. அறிவியலும் அப்போதே தன் கருத்தைச் சொல்லியிருந்தது. அதைக் கேட்க ஆளில்லை. பொதுமக்களின் ஆதரவு சேர்ந்த பிறகுதான் அந்தக் கருத்துக்கு எடை வந்தது. இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த பள்ளத்தாக்கைக் காக்க ஒரு நல்ல பிரதமர் வருவாரா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். நீலகிரிப் பீடபூமியின் தென்மேற்கு விளிம்பு சரிந்து இறங்கும் பகுதியில், பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காட்டுக்கு மேலே இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் பகுதியின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். நடுவே வடக்கிலிருந்து தெற்காகக் குந்திப்புழா ஓடுகிறது. தூதப்புழாவில் சேர்ந்து, பிறகு பாரதப்புழாவாகக் கடலுக்குப் போகிறது. சுற்றிலும் உயர்ந்த மலைச்சுவர்கள் இருப்பதால் வெளியுலகின் கை இங்கே அதிகம் படவில்லை. இந்தக் காட்டின் முக்கியமான மரம் வெடிப்பலா. அதன் பூக்கள் கிளைநுனியில் பூப்பதில்லை. கொழுத்த கிளைகளின் உடம்பிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கும். காய்கள் முள் முள்ளாக இருக்கும், முற்றினால் வெடிக்கும். அந்தப் பூவையும் விதையையும் நம்பி வாழ்கிறது சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பெரும்பாலும் தரையில் இறங்காமல், மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும். கிளைகள் கோத்துக்கொண்டிருக்கும் வரைதான் அதற்கு வழி உண்டு. காட்டின் நடுவே அகலமாக ஒரு சாலையை வெட்டினால்கூட அதன் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றுவிடும். ஆற்றோரச் சமதளத்தில், பள்ளத்தாக்கின் அடிவயிற்றில்தான் இந்தக் காடு மிகவும் செழித்திருக்கிறது. அணை நீர் முதலில் ஏறும் இடமும் அதுதான்.

ஆறு குறுகலான இடுக்கில் நுழையும் சைரந்திரியில் அணை கட்டலாம் என்று 1928இலேயே கண்டுவைத்திருந்தார்கள். பொறியாளர் பார்வைக்கு அது நல்ல இடம்தான். கேரள மின்வாரியம் பின்னாளில் வகுத்த திட்டப்படி அங்கே 131 மீட்டர் உயர அணை எழும். முதல் கட்டத்தில் 120 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். 830 ஹெக்டேர் காடு நீரில் மூழ்கும். 1973இல் திட்டக் குழு ஒப்புதல் கொடுத்தது. 1976இல் ஜாபர் ஃபதேஅலி தலைமையிலான மத்தியப் பணிக்குழு ஒன்று ஆராய்ந்து, இந்தத் திட்டம் வேண்டாம் என்றது. கட்டியே தீர வேண்டுமானால் இன்னின்ன காப்பு நடவடிக்கைகளை எடுங்கள் என்று 17 நிபந்தனைகளையும் கூடவே எழுதிவைத்தது. ‘வேண்டாம்’ என்ற முதல் பாதியை ஒதுக்கிவிட்டு இரண்டாம் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது மாநில அரசு. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, வேலையைத் தாமதிக்க வேண்டாம் என்பதே தில்லியின் நிலை. 1979இல் பள்ளத்தாக்கின் சூழல் சமநிலையைக் காப்பதற்கென்றே கேரளம் ஒரு சட்டம் இயற்றியது. காப்பு நிபந்தனைகளுக்குச் சட்ட வடிவம் கொடுத்தாயிற்று என்று காட்டி அணையைக் கட்டுவதற்காகவே அந்தச் சட்டம் பிறந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைத்தாலும், அரசின் கொள்கை முடிவுக்குள் நுழைவது தன் வேலையில்லை என்று 1980 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. இவ்வளவுக்கும் சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்றும், காட்டையும் ஆற்றையும் வனவிலங்கையும் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்றும் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் கேரளக் கட்சிகள் அணைப் பக்கமே நின்றன. அரசு பார்த்துக்கொள்ளும், சட்டம் பார்த்துக்கொள்ளும், நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த ஏழு ஆண்டுகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். மூவரும் இருந்தார்கள். அணை வேலை நிற்கவில்லை.

இதே ஆண்டுகளில் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து, ஆரம்பத்திலேயே எச்சரித்தவர்களில் ஒருவர். வட கேரளத்தில் ஜான் சி. ஜேக்கப் போன்ற கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போனார்கள். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் அணையின் விளைவுகளை மலையாளத்தில் எழுதினார். அவர் சார்ந்திருந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் தொடங்கிய அமைப்பு; பள்ளிக்கூட வாத்தியார்களும் கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்து அறிவியலை மலையாளத்தில் சொல்வதற்காக நடத்திவந்தது. 1978இல் பரிஷத் திட்டத்துக்கு எதிராக வெளிப்படையான நிலை எடுத்தது. 1979இல் அதன் ஐந்து ஆய்வாளர்கள் அணையின் பொருளாதாரத்தையும் தொழில்நுட்பத்தையும் சமூக விளைவுகளையும் தனித்தனியே எடைபோட்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். சூழலியல் தெரிந்தவரோடு மின்சாரம் தெரிந்தவரும் பொருளியல் தெரிந்தவரும் உட்கார்ந்து எழுதிய அறிக்கை அது. ஊர் வாசகசாலைகளில், பள்ளி அறைகளில், தெருவோரக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசினார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இந்த விவாதம் மலையாளத்தில் நடந்தது. 120 மெகாவாட் என்றால் எவ்வளவு, 830 ஹெக்டேர் என்றால் எவ்வளவு, மழைக்காடு என்றால் என்ன என்பதையெல்லாம் நாலாம் வகுப்பு ஆசிரியரும் பீடித் தொழிலாளியும் தம் சொந்த மொழியில் வாதிட முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அறிக்கை தில்லி அலமாரியில் இருப்பதற்கும் அதே கணக்கு ஊர்ச் சாயாக்கடையில் பேசப்படுவதற்கும் உள்ள வேறுபாடுதான் 1976க்கும் 1983க்கும் உள்ள வேறுபாடு.

இனி இந்திரா காந்திக்கு வருவோம். அவருக்கு உரிய மதிப்பைக் குறைக்க வேண்டிய தேவையில்லை. இயற்கையின் மீது அவருக்கு உண்மையான பற்று இருந்தது. 1972இல் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டுக்குச் சென்று பேசியவர் அவர்; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், புலிகள் பாதுகாப்புத் திட்டம் எல்லாம் அவர் காலத்தவை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. சைலண்ட் வேலி அணைக்குத் திட்டக் குழு 1973இல் ஒப்புதல் கொடுத்தபோது பிரதமர் யார்? அதே இந்திரா காந்திதான். ஸ்டாக்ஹோம் சென்று வந்த மறு ஆண்டு அது. இயற்கைப் பற்று அப்போதும் அவருக்கு இருந்தது. பள்ளத்தாக்கும் அப்போது இருந்தது, வெடிப்பலாவும் சோலைமந்தியும் இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 1983 நவம்பரில், அதே பிரதமரின் காலத்தில் அதே திட்டம் கைவிடப்பட்டது. பிரதமரும் மாறவில்லை, காடும் மாறவில்லை. இடையில் மாறியது பொதுக்கருத்து ஒன்றுதான். 1980 ஜனவரியில் மீண்டும் ஆட்சிக்கு வந்த அவர், எல்லாக் கோணங்களையும் பேசி முடிக்கும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள் என்று மாநில அரசைக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் நாடெங்கிலுமிருந்து வந்த கடிதங்களும் தீர்மானங்களும் இருந்தன. பறவையியலாளர் சாலிம் அலி குரல் கொடுத்திருந்தார். 1978இல் அஷ்காபாத்தில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமே சோலைமந்தியின் வாழிடத்தைக் காக்கும்படி கேட்டிருந்தது. அப்படியும் ஒரே மூச்சில் முடிவு வரவில்லை. 1980 டிசம்பரில் கேரள அரசு தேசியப் பூங்கா அறிவித்தபோது அணைக்கான பகுதியை மட்டும் கவனமாக வெளியே விட்டிருந்தது. அதைப் பெருவெற்றி என்று கொண்டாடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் அணை கட்டப்பட்டிருக்கும். போகவில்லை. விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன் தலைமையில் பல்துறைக் குழு அமைந்தது. 1983 தொடக்கத்தில் அதன் அறிக்கை வந்தது. ஆண்டு முடிவதற்குள் திட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1984 நவம்பரில் அணைப் பகுதியும் சேர்ந்து தேசியப் பூங்காவானது. கையெழுத்துப் போட்டது பிரதமர்தான். அந்தத் தாளை அவர் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பல்லாயிரம் பேர்.

மலையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம்முடையது. சைலண்ட் வேலியின் வடக்கு முகட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டின் முக்குருத்தியும் குந்தாவும். அந்தப் பக்கம் 1950களிலும் 60களிலும் கனடாவின் உதவியோடு குந்தா மின்திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று நீர்த்தேக்கங்கள் வரிசையாக வந்தன. சோலைகளும் புல்வெளிகளும் நீருக்கடியில் போயின. எஞ்சிய புல்வெளியில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். மின்சாரம் கிடைத்தது, அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் எதைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்று கேட்கும், சொல்லத்தக்க பொது விவாதம் எதுவும் எழவில்லை. கேரளத்திலேயே 1970களில் இடுக்கி அணை சுமார் 60 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்தது. அங்கும் சைலண்ட் வேலிக்கு எழுந்தது போன்ற குரல் எழவில்லை. ஒரே மலைத்தொடர், ஒரே காலம், ஒரே மாதிரி அரசுகள். மக்கள் பேசிய இடத்தில் காடு நிற்கிறது, பேசாத இடத்தில் நீர் நிற்கிறது. நல்ல தலைவர்களும் நிபுணர்களும் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

அடுத்த மறுப்பு, உணர்ச்சி பற்றியது. மக்களைத் திரட்டினால் அறிவு போய்விடும், கண்ணீரும் கவிதையும் மிஞ்சும் என்கிறார்கள். சைலண்ட் வேலிக்காகக் கவிஞர்கள் மேடையேறியது உண்மை. சுகதகுமாரி முன்னின்றார், ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்ப பணிக்கர் போன்றோர் சேர்ந்தார்கள். வைக்கம் முகம்மது பஷீரும் உடன் நின்றார். ‘மரக்கவிகள்’ என்று அவர்களைக் கேலி செய்தார்கள். குரங்கு முக்கியமா, மனிதன் முக்கியமா என்று மேடைக்கு மேடை கேட்டார்கள். ஆனால் இந்த இயக்கத்தின் கையில் கவிதை மட்டுமா இருந்தது? கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் வி.எஸ். விஜயன் உள்ளே போய் ஆய்வு செய்திருந்தார். மத்திய வேளாண் துறைச் செயலராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் பள்ளத்தாக்கை ஆராய்ந்து, சைலண்ட் வேலியையும் அட்டப்பாடி, புதிய அமரம்பலம் காடுகளையும் தமிழ்நாட்டுக் குந்தாவையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக்கச் சொன்னார். பரிஷத்தின் கணக்கு அச்சில் இருந்தது. எதிர்த்தரப்பு எண்ணுக்கு எண் மறுத்திருக்கலாம். உணர்ச்சி என்றால் அணை வேண்டும் என்றவர்களிடமும் குறையவில்லை. வட கேரளமான மலபாரின் எதிர்காலத்தையே பறிக்கிறார்கள் என்று மேடையில் முழங்குவதும் உணர்ச்சிதான். காட்டுப் பக்கம் வரும்போது மட்டும் அதைக் குற்றமாக எண்ணுவது நியாயமில்லை. விஞ்ஞானி எழுதிய ஒரு வாக்கியத்தைப் பத்துப் பேர் படிப்பார்கள். அதே உண்மையைச் சுகதகுமாரி சொன்னபோது ஊரே நின்று கேட்டது. கேட்ட பிறகு, விஞ்ஞானி என்ன சொன்னார் என்று தேடிப் படித்தது. கவிதை அறிவியலுக்கு வாசகரைக் கொண்டுவந்து சேர்த்தது.

மின்சாரத்தைப் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அது நேர்மையான கேள்வி. மலபார் பின்தங்கியிருந்தது, அங்கே மின்சாரமும் பாசனமும் தொழிலும் வேண்டியிருந்தன, ஏழைகளின் வீட்டில் விளக்கெரியாதபோது நகரத்துப் படித்தவர்கள் குரங்குக்காக அழுகிறார்கள் என்ற கோபத்தில் நியாயத்தின் ஒரு துளி இருந்தது. அதனால்தான் பரிஷத் அறிக்கை காட்டோடு நிற்காமல் மின்சாரத்தைப் பேசியது. 1976இல் இடுக்கி ஓடத் தொடங்கிய பின் கேரளம் தன் உபரி மின்சாரத்தை அண்டை மாநிலங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. மலபாருக்குக் குறைவாக இருந்தது அதைக் கொண்டுவரும் மின்தடம். கடத்தும்போது வீணாகும் மின்சாரத்தைக் குறைக்கலாம்; தடங்களை வடக்கே நீட்டலாம்; மழையை நம்பாத அனல் மின் நிலையம் ஒன்றை அமைக்கலாம். இதுதான் அந்த வாதம். பின்னால் நடந்தது அதற்குச் சாட்சியாக நின்றது. 1982இல் பருவமழை குறைந்து 1983இல் கேரளம் வறட்சியிலும் மின்வெட்டிலும் தவித்தது. அணைகள் வறண்டதால்தான் மின்சாரம் போயிற்று. அதே மழையை நம்பி அதே மலையில் இன்னோர் அணை இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தே வறண்டிருக்கும். 2017 மே மாதம் கேரளம் முழுமையாக மின்மயமான மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் சைலண்ட் வேலியின் ஒரு யூனிட்கூட இல்லை. காட்டை விட்டால் இருளில் கிடப்போம் என்று 1979இல் சொன்னவர்கள் தவறு செய்தார்கள். அந்தத் தவறை அப்போதே கண்டுபிடித்தது வாத்தியார்கள் நடத்திய ஒரு மக்கள் அமைப்பு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. மக்கள் ஆதரவு என்கிறீர்களே, அன்றைக்கு மக்களில் பெரும்பாலோர் அணைப் பக்கம் இல்லையா? உண்மைதான். கட்சிகளும் தொழிற்சங்கங்களும் அணை கேட்டன. மண்ணார்க்காட்டுப் பக்கத்தில் அணைக்காகவே கூட்டங்கள் நடந்தன. பரிஷத்துக்குள்ளேயே கருத்து இரண்டாக இருந்தது. தலை எண்ணி முடிவு செய்திருந்தால் 1978இல் பள்ளத்தாக்கு தோற்றிருக்கும். ஆகவே ஆதரவு திரட்டுவது என்றால் ஏற்கெனவே இருக்கும் கருத்தை அள்ளிக்கொண்டு வருவது என்று பொருள் கொள்ளக் கூடாது. எதிர்க்கருத்துக் கொண்டவரிடம் போய், அவர் கேள்விக்கு அவர் மொழியில் பதில் சொல்லி, மனத்தை மாற்றுவது என்று கொள்ள வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்காகும். மாற்ற முடியாமலும் போகலாம். ஆனால் அந்தக் காலத்தை வாங்கிக்கொடுப்பதற்கே போராட்டம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இரண்டு தவறுகளும் சமமானவையல்ல. கட்டாமல் விட்ட அணையை இருபது வருஷம் கழித்தும் கட்டிக்கொள்ளலாம். மூழ்கிய மழைக்காட்டை எந்த அரசாலும் எந்தப் பணத்தாலும் திரும்ப நட முடியாது. ஆதிவாசிகளை மறந்துவிட்டுப் படித்தவர்கள் காட்டைப் பூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. பல காப்பகங்களில் அது நடந்திருக்கிறது, அது அநியாயம். ஆனால் அதற்கு மருந்து, ஆதரவின் வட்டத்தை மேலும் அகலமாக்குவது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்ற முடிவை 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டன. அந்த மலையைக் காப்பாற்றியவர்கள் அங்கேயே வாழும் டோங்ரியா கோந்து மக்கள்.

மக்கள் ஆதரவு இல்லாத அறிவியலுக்கு என்ன ஆகும் என்பதற்கும் நம் கண்ணெதிரே சான்று உண்டு. சைலண்ட் வேலியை ஆராய்ந்த மேனன் குழுவில் இருந்தவர் மாதவ் காட்கில். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் ஆராய்ந்த நிபுணர் குழுவுக்கும் பின்னாளில் அவரே தலைவர். அந்தக் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. எந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதைக் கிராம சபைகளே விவாதித்து முடிவுசெய்ய வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆனால் மத்திய அரசு அதைப் பூட்டிவைத்தது. தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டும் கொடுக்கவில்லை. தகவல் ஆணையமும் தில்லி உயர் நீதிமன்றமும் சொன்ன பிறகு 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. மக்களோடு பேசச் சொன்ன அறிக்கை மக்களுக்குக் கிடைக்காமல் கிடந்த அந்த மாதங்களில், வீட்டைப் பிடுங்குவார்கள், பயிர் செய்ய விடமாட்டார்கள் என்ற புரளி மலையெங்கும் பரவியது. இடுக்கியிலும் வயநாட்டிலும் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அறிக்கை கிடப்பில் போயிற்று. அது மிக உயர்ந்த பாதுகாப்பு வேண்டும் என்று குறித்த பகுதிகளில் வயநாட்டின் வைத்திரி வட்டமும் ஒன்று. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண் மூடியது அந்த வட்டத்தில்தான். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அறிக்கையை ஏற்றிருந்தால் இது நடந்தே இருக்காது என்று சொல்வது அறிவியல் ஆகாது, நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரே விஞ்ஞானி 1983இல் ஒரு குழுவில் இருந்தபோது வெளியே ஒரு மக்கள் இயக்கம் நின்றது. 2011இல் அவர் தலைமை தாங்கிய குழுவுக்கு வெளியே அப்படி எதுவும் நிற்கவில்லை. முதல் அறிக்கைக்குப் பின் பள்ளத்தாக்கு பிழைத்தது. இரண்டாவது அறிக்கை அலமாரிக்குப் போனது.

இப்போதுதான் சட்டங்கள் வலுவாகிவிட்டனவே, இனி எதற்குக் கூட்டம் என்று கேட்பவர்களுக்கு அதிரப்பள்ளியைச் சொல்வேன். சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட் திட்டம். மத்திய அரசு அதற்கு 1998, 2005, 2007 என்று மூன்று முறை சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. முதல் இரண்டையும் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை, அவர்கள் படிப்பதற்கு ஆய்வறிக்கையைக் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். அதாவது சட்டத்துக்கு உயிரே மக்கள் வந்து பேசுவதில் இருக்கிறது. அவர்கள் வழக்குப் போடாதிருந்தால் அந்த அனுமதிகள் அப்படியே செல்லுபடியாகியிருக்கும். தேசியப் பூங்கா என்ற வேலி போட்ட பிறகும் குந்திப்புழாவை விட்டுவைக்கவில்லை. பழைய இடத்துக்குச் சற்றுக் கீழே பாத்திரக்கடவில் 70 மெகாவாட் அணை கட்டலாம் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி திட்டம் போட்டார்கள். மறுபடி எதிர்ப்பு எழுந்தது. 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பள்ளத்தாக்கை ஒரே தடவையில் காப்பாற்றி முடித்துவிட முடியாது என்பதை அந்த ஆறு இரண்டு தலைமுறைக்குக் காட்டியிருக்கிறது.

நம் பக்கத்து மலையில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டத்தின் வேலை நடந்துகொண்டிருக்கிறது; சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட் திட்டம் முன்வைக்கப்பட்டு, அப்பகுதி ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். அவை வேண்டுமா வேண்டாமா என்று இங்கே தீர்ப்பெழுத நான் வரவில்லை. அந்தத் தீர்ப்பை மக்கள் அறியாமல் எழுதிவிடக் கூடாது என்பதே என் கோரிக்கை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொது விசாரணை நடத்த வேண்டிய திட்டம் எதுவானாலும் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆய்வின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் வைக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஹெக்டேர், எத்தனை மெகாவாட், வேறு வழி பார்த்தார்களா என்று உங்கள் ஊர் ஆசிரியரை உட்காரவைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விசாரணை நாளன்று வேலையைப் போட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.